ஆஃப்சைடு அண்ணனின் ஒரே ஆட்டம்

ஆஃப்சைடு அண்ணனுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் என்னவென்று எங்கள் தெருவில் யாருக்கும் நினைவில்லை. லைன்ஸ்மேன் கொடியைத் தூக்குவதற்கு அரை நொடி முன்பே கேலரியின் மேல்வரிசையிலிருந்து "ஆஃப்சைடு!" என்று ஒரு குரல் வரும். பத்துக்கு எட்டு முறை சரியாக இருக்கும். மீதி இரண்டு முறை லைன்ஸ்மேனுக்குக் கண் தெரியவில்லை என்று ஒரு வாரம் பேசுவார். அப்படி ஒட்டிக்கொண்ட பேர்.

அவருடைய சலவைக்கடைக்கு மேல்மாடியில் ஒன்பது வருடமாக நான் வாடகைக்கு இருக்கிறேன். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை. விடியும்முன் போனால் மதியத்துக்குள் வீடு. அந்த நேரத்தில்தான் கீழே நீராவி இஸ்திரி ஓடும், என் அறைத் தரை தோசைக்கல்லாகக் காயும். டீ தம்ளரை எடுத்துக்கொண்டு கடைக்கு இறங்கிவிடுவேன். அங்கே மூன்று பேர்: அண்ணன், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி, அக்காவின் தம்பி. தம்பி எங்கள் ஊர்க் கால்பந்துக் கிளப்பின் கேப்டன். வயது முப்பத்தாறு, டிஃபென்ஸில் நடு ஆள். வீட்டில் அக்காவைத் தவிர எல்லோரும் அவரைக் கேப்டன் என்றோ மாப்பிள்ளை என்றோதான் கூப்பிடுவார்கள்.

திங்கட்கிழமை காலையில் கிளப்பின் உடுப்புகள் இரண்டு கான்வாஸ் பைகளில் வந்து இறங்கும். பதினாறு சட்டை, பதினாறு கால்சட்டை, முப்பத்திரண்டு காலுறை. காலுறையில் ஒன்று எப்போதும் குறையும், யார் காலோடு போகிறது என்று இதுவரை தெரியவில்லை. ரத்தம் பட்டதைப் பச்சைத் தண்ணீரில் போட வேண்டும், வெந்நீர் பட்டால் கறை துணியோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும். புல் கறைக்கு வினிகர். சேறு என்றால் காயவிட்டுத் தட்டிய பிறகுதான் தண்ணீர். ஆனால் அண்ணன் எதையும் உடனே நனைக்கமாட்டார். ஒவ்வொன்றாக மேசையில் விரித்துப் படிப்பார்.

"இங்க பாருங்க தபாலு, எலக்ட்ரீஷியனோட சட்டை. கழுத்துல வேர்வை உப்புக் கோடு விழுந்திருக்கா? இல்ல. தொண்ணூறு நிமிஷமும் முன்வரிசையில நின்னு வேடிக்கை பாத்திருக்காரு. இவரை நம்பி கோல் வருமா, மயிலிறகு குட்டி போடுமா? இது கீப்பர் சட்டை. இடது பக்கம் மட்டும் சேறு. வலது பக்கம் பாயவே இல்ல. எதிராளிக்கு இது தெரிஞ்சா முடிஞ்சுது கதை."

"நீங்க மேட்ச் பாக்கவே போக வேணாம்ணே. துணியிலயே தெரிஞ்சிருதே."

"பாக்குறது வேற. படிக்கிறது வேற."

எனக்கு அந்தக் காலத்தில் கால்பந்தில் பெரிய பிடிப்பில்லை. அவர் பேச்சில்தான் பிடிப்பு. கிளப்புக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். நல்ல மனிதர், பயந்த சுபாவம், ஒரே பருவத்தில் இரண்டு கோச்சுகளை மாற்றி மூன்றாவதைக் கொண்டுவந்தவர். அவரைப் பற்றி அண்ணன் தினமும் ஒரு பாட்டம் பேசாமல் இஸ்திரிப் பெட்டியைத் தொடமாட்டார்.

"ஆடறதுக்கும் பதினோரு பேரு, கமிட்டிக்கும் பதினோரு பேரு. அங்கயும் ஒரு கீப்பர் இருக்காரு, நல்ல யோசனை எதையும் உள்ள விடமாட்டாரு. மைதானத்துல தண்ணி நிக்குது, வடிகால் வெட்டுங்கன்னா புது சட்டை தைக்கிறாங்க. சட்டையா கோல் போடும்? பல்லு பிடுங்குறவருக்கு டீம்ல எதைப் பிடுங்கணும்னு தெரியல."

"அவர் கோட்டும் நம்ம கடைக்குத்தான் வருது, ஞாபகம் இருக்கட்டும்," என்பார் அக்கா, தலையைத் தூக்காமலே.

விதிகளைப் பற்றியும் அவருக்குத் தனி நியாயம் உண்டு. டி.வி.யில் பெரிய ஆட்டம் ஓடும்போது கோலைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது அவருக்கு ஆகாது. "ரசிகன் கோல் சந்தோஷத்தை மூணு நிமிஷம் வாயில அடக்கிக்கிட்டு நிக்கணுமா? விழுங்கவும் முடியாம துப்பவும் முடியாம? கால் நகம் தாண்டிச்சாம், ஆஃப்சைடாம். நகத்தை வெட்டிட்டு வந்திருந்தா கோலா?" என்று சண்டைக்கு நிற்பார். ஆனால் விதி என்று ஒன்று இருக்கும்வரை அதை மீறக்கூடாது என்பதிலும் மனிதர் இரும்பு. விதிப்புத்தகம் இஸ்திரி மேசைக்கு அடியில் கிடக்கும், நீராவி பட்டு உப்பி ஒன்றுக்கு இரண்டு மடங்காகிவிட்டது.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது மூன்றாவது கோச்சும் கோபித்துக்கொண்டு போய்விட்டார். டிரா செய்தால் கிளப் தப்பும். தோற்றால் கீழ் டிவிஷன். செவ்வாய்க்கிழமை பல் டாக்டர் தன் வெள்ளைக் கோட்டுகளை வாங்க வந்தார். அண்ணன் கோட்டைக் கொடுக்காமல் கையில் பிடித்துக்கொண்டே அரைமணி நேரம் பாடம் எடுத்தார். டிஃபென்ஸ் ஏன் பின்னாலேயே பதுங்குகிறது, நால்வரும் ஒரே நூலில் முன்னேறி நின்றால் எதிரணியின் ஏழாம் நம்பர் எப்படிக் கூண்டில் சிக்குவான் என்றெல்லாம். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"ஐயா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கக் கூடாது," என்றார். "நீங்களே வந்து செய்யுங்களேன். ஞாயித்துக்கிழமை ஒரு மேட்ச்தானே."

துவைக்கும் இயந்திரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். வேலியில் போன ஓணான் அன்றைக்கு அவரே கேட்டுக்கொண்டபடி வேட்டிக்குள் ஏறிவிட்டது.

"செய்றேன்," என்றார். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். கேப்டன் ஓடிவந்து மாமாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் என் டீயை யாருடைய சட்டை மேலோ கொட்டினேன்.

புதன்கிழமை மதியம் அண்ணன் ஒரு தாளில் பதினோரு பேர் எழுதிச் சுவரில் ஒட்டினார். கேப்டன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து படித்தார். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை.

"மாமா, என் பேரைக் காணோமே."

"பன்னெண்டாவது இருக்கு மாப்ள. பெஞ்சுல."

"விளையாடாதீங்க மாமா."

"விளையாட்டு இல்ல. உன் இடத்துல பேக்கரிக்காரர் ஆடட்டும். ஓடுற காலு."

அக்கா பெட்டியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "என்ன பேசுறீங்க? பதினாறு வருஷம் ஆடியிருக்கான். ஞாயித்துக்கிழமையோட பூட்ஸைக் கழட்டிடுறேன்னு ஊருக்கே சொல்லிட்டான். கடைசி மேட்ச்சுல அவனைப் பெஞ்சுல உக்கார வச்சு வேடிக்கை பாப்பீங்களா?"

"கடைசி மேட்ச் அவனுக்கு மட்டுமா? கிளப்புக்கும்தான்." அண்ணன் கேப்டன் பக்கம் திரும்பினார். "மாப்ள, கோவப்படாம கேளு. இந்த வருஷம் பூரா உன் கால்சட்டையில வலது இடுப்புல பச்சைக் கறை. நிக்க வேண்டிய இடத்துல நிக்கிறவன் சறுக்க மாட்டான். லேட்டாப் போறவன்தான் சறுக்கிப் பிடிப்பான். அந்த ஏழாம் நம்பர் காத்து மாதிரி ஓடுறவன்."

"கடைசி அஞ்சு வாரமாக் கறை இல்லையே," என்றார் அக்கா.

"கறை இல்ல. ஆனா அந்தக் கால்சட்டை மட்டும் என் மேசைக்கு வரும்போதே ஈரமா வருது."

அக்காவின் முகம் சிவந்தது. பையைப் பிரித்ததும் தம்பியின் கால்சட்டையைத் தனியாக எடுத்து, கணவர் கண்ணில் படுமுன் வினிகர் வைத்து அலசியிருக்கிறார். அது எனக்கும் அப்போதுதான் விளங்கியது.

"ஆமா, அலசினேன். அதுக்கு என்ன இப்போ? தானாடாட்டியும் தன் சதை ஆடும்."

கேப்டனுக்கு இது புதிது. "எதுக்குக்கா?" என்று மட்டும் கேட்டார். பதினாறு வருட ஆட்டத்தில் அவர் அவ்வளவு சின்னக் குரலில் பேசியிருக்கமாட்டார். "சரி மாமா. நீங்கதான் கோச். நான் உக்கார்றேன்."

அவர் சண்டை போட்டிருந்தால் வீடு தேவலையாக இருந்திருக்கும். அன்றிலிருந்து அந்தக் குடும்பம் ஒரே மேசையில் ஒவ்வொரு வேளையும் ஆளுக்கொரு நேரத்தில் தனித்தனியாகச் சாப்பிட்டது. அக்கா கணவரிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். "தபாலு, கோச் சார்கிட்ட சொல்லுங்க, நூத்திப் பன்னெண்டாம் டோக்கன் போர்வை காஞ்சிடுச்சாம்," என்பார், அவர் பக்கத்திலேயே நிற்கும்போது. நான் தபால்காரன்தான், ஆனாலும் இவ்வளவு குறைந்த தூரத்துக்கு நான் எதையும் கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை.

சனிக்கிழமை அக்கா என்னிடம் மட்டும் சொன்னார். "இவர் தோத்தா ஊர் சிரிக்கும், அது கிடக்கட்டும். ஆனா ஜெயிச்சா? என் தம்பி இருந்ததாலதான் இத்தனை நாள் தோத்தோம்னு ஆயிடும். எது நடந்தாலும் என் வீட்ல ஒருத்தர் தலை குனியணும். நான் எதுக்குன்னு வேண்டிக்கிறது, சொல்லுங்க?"

ஞாயிறு காலையில் மழை. மூன்று மணிக்கு மழை விட்டுவிட்டது, புல்லிலிருந்து ஈர வாசனை எழுந்தது. அக்கா வரமாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மேல்வரிசையில், அண்ணன் வழக்கமாக உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், என்னருகில் வந்து உட்கார்ந்தார்.

கீழே அண்ணன் பெஞ்சுக்கு முன்னால் நின்றார். பேக்கரிக்காரரும் மேஸ்திரியும் டிஃபென்ஸின் நடுவில். திட்டம் எனக்கே மனப்பாடம்: நால்வரும் ஒரே நூலில் மேலே ஏறி நிற்க வேண்டும், பந்தை உதைக்கும் நொடியில் ஏழாம் நம்பர் அந்த நூலைத் தாண்டி நின்றால் கொடி ஏறும். சொல்லும்போது தேனாக இருந்தது.

பத்தாவது நிமிடமே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. அண்ணன் எட்டி எட்டிப் பார்த்தார். குதித்தார். குனிந்து பார்த்தார். இருபது வருடமாக உயரத்திலிருந்தே பார்த்துப் பழகிய மனிதர். தரையில் நின்றால் இருபத்திரண்டு முதுகுதான் தெரியும், யார் யாருக்கு முன்னால் என்பது தெரியாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை.

இருபதாவது நிமிடம் ஏழாம் நம்பர் நடுவில் புகுந்து ஓடினான். பேக்கரிக்காரர் துரத்தினார், வேகம்தான், ஆனால் அவன் புறப்பட்ட பிறகு புறப்பட்டார். ஒன்றுக்குப் பூஜ்யம். அண்ணன் லைன்ஸ்மேனைப் பார்த்தார். கொடி இறங்கியே கிடந்தது.

அதன் பிறகு தண்ணீர் பாட்டில் வைக்கும் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றார். அது கோச்சுக்குப் போட்ட கட்டத்துக்கு வெளியே. ரெஃப்ரீ வந்து மஞ்சள் அட்டை காட்டினார். இறங்கினார். இடைவேளை முடிந்து பத்து நிமிடம் அடக்கமாக இருந்தார். பிறகு, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், பெஞ்சுக்கு மேல் போட்டிருந்த தகரக் கூரையில் நாற்பத்தொன்பது வயது மனிதர் தவழ்ந்து ஏறிக்கொண்டிருந்தார். கேலரியே எழுந்து விசில் அடித்தது. பல் டாக்டர் கீழே நின்று அவர் காலைப் பிடித்து இழுத்தார்.

ரெஃப்ரீ இரண்டாம் மஞ்சளையும் சிவப்பையும் காட்டினார். அண்ணன் இறங்கி வந்து அவர் கையைக் குலுக்கி, "சரியான முடிவு சார்," என்றார். எதிரணிக்காரர்களே சிரித்துவிட்டார்கள்.

எங்கள் லீக்கில் வெளியேற்றப்பட்ட கோச் கேலரியில் உட்காரலாம். ஆனால் ஆட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை, ஒரு சைகை போகக் கூடாது. போனால் ஆட்டம் எதிரணிக்கு. அதை எங்கள் தெருவுக்கே சொல்லிக்கொடுத்தவர் படியேறி வந்து அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மைதானத்தைப் பார்த்தார். "ஐயோ," என்றார். கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

நானும் அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தேன். மூன்று பேர் ஒரே நூலில் ஏறுகிறார்கள். பேக்கரிக்காரர் மட்டும் பந்தையே பார்த்துக்கொண்டு இரண்டடி பின்னால் நிற்கிறார். அந்த இரண்டடி போதும் ஏழாம் நம்பருக்கு.

"என்ன தெரியுது உங்களுக்கு?" என்றார் அக்கா. நான்கு நாளில் கணவரிடம் அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

சொல்லமாட்டேன் என்று அண்ணன் தலையை ஆட்டினார்.

"என்கிட்ட சொல்லுங்க. நான் கத்துறேன்."

கைக்குட்டையை எடுத்தார். "கூடாது. நான் சொல்லி நீ கத்தினா அது நான் கத்தினதுதான்."

"யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ல." மறுபடி கைக்குட்டையைக் கடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது.

அக்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மைதானத்தைப் பார்த்தார். ஒரு தாக்குதல், இன்னொரு தாக்குதல். கீப்பர் வலது பக்கம் பாய்ந்து ஒன்றைத் தட்டிவிட்டார், அதிசயம். அக்காவின் உதடு அசைந்தது. "மேஸ்திரி வாயே திறக்கல. பேக்கரிக்காரருக்குக் காலு இருக்கு, கூப்பிட ஆளில்ல," என்று தனக்குத்தானே சொன்னார். எழுந்தார்.

மூன்று இயந்திரங்கள் ஓடும் கடையில் இருபது வருடம் டோக்கன் நம்பர் கூவிய குரல் அது.

"தம்பீ! நீ உள்ள போ! மேஸ்திரியை வெளிய எடு! ஓடாத, கத்து! நாலு பேரையும் மேல இழுத்துக் கத்து!"

கேலரி மொத்தமும் திரும்பியது. பெஞ்சில் கேப்டன் அக்காவை அண்ணாந்து பார்த்தார். டாக்டர் கேப்டனைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மாற்று ஆளுக்கான சீட்டைத் தூக்கிவிட்டார்.

எதிரணி கோச் பாய்ந்து வந்தார். சிவப்பு வாங்கியவர் மனைவி மூலம் உத்தரவு போடுகிறார், ஆட்டத்தை எங்களுக்குக் கொடுங்கள் என்று நின்றார். ரெஃப்ரீ கேலரிக்குக் கீழே வந்தார்.

"நீங்க சொன்னீங்களா?"

"இல்ல சார்," என்றார் அண்ணன், கைக்குட்டையோடு.

"அப்ப இந்தம்மாவுக்கு யார் சொன்னது?"

"ஏன், எனக்குக் கண்ணு இல்லையா?" என்றார் அக்கா.

கைதட்டல் தகரக் கூரையைத் தூக்கியது. சிவப்பு அட்டைக்குக் கை குலுக்கிய மனிதரை ரெஃப்ரீ ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு திரும்பி நடந்து, ஆட்டத்தைத் தொடரச் சொன்னார்.

கேப்டன் உள்ளே போனதும் முதலில் பேக்கரிக்காரரின் தோளைப் பிடித்து இரண்டடி முன்னால் நகர்த்தினார். அப்புறம் ஆரம்பித்தது கச்சேரி. "ஏறு! ஏறு! நில்லு! பந்தைப் பாக்காதே, என்னைப் பாரு! ஏறூ!" மேல்வரிசைவரை கேட்டது. நால்வரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல ஏறினார்கள். ஏழாம் நம்பர் ஓடினான், கொடி ஏறியது. மறுபடி ஓடினான், மறுபடி கொடி. மூன்றாம் முறை அவன் தன் பூட்ஸையே சந்தேகமாகப் பார்த்தான். கேப்டன் ஓடவே இல்லை. நடந்தார், கையை நீட்டினார், கத்தினார்.

எழுபத்தெட்டாவது நிமிடம் அப்படி ஒரு ஆஃப்சைடுக்குக் கிடைத்த ஃப்ரீகிக்கைக் கீப்பர் நீளமாக உதைத்தார். அத்தனை நேரம் சும்மா நின்ற எலக்ட்ரீஷியன் தலையைக் கொடுத்தார். வலை அசைந்தது. நான் யாரையோ கட்டிப்பிடித்தேன், எதிரணி ரசிகர் என்று பிறகுதான் தெரிந்தது. அண்ணன் கத்தவில்லை. கோலுக்குக் கத்தலாம் அண்ணே என்று நான் உலுக்கினேன். கைக்குட்டையைக் கடித்தபடியே குதித்தார்.

கூடுதல் நேரத்தில் கடைசிப் பந்து. ஏழாம் நம்பர் தனியாகப் புகுந்தான். கீப்பரைத் தாண்டினான். வலைக்குள் போட்டான். எதிரணி மொத்தமும் கையைத் தூக்கியது. கேப்டன் மட்டும் பந்து இருந்த பக்கம் திரும்பவே இல்லை, லைன்ஸ்மேனைப் பார்த்து ஒரு கையை உயர்த்தி நின்றார். கொடி மெல்ல, வெகு மெல்ல, மேலே ஏறியது.

"ஆஃப்சைடு!" என்று அக்கா அலறினார். விசில் மூன்று முறை ஊதியது.

மக்கள் வேலி தாண்டி உள்ளே ஓடினார்கள். பல் டாக்டர் யாருடைய தோள்மேலோ இருந்தார். கேப்டன் எல்லோரையும் விலக்கிக்கொண்டு கேலரி வேலிக்கு வந்தார். நாங்கள் மூவரும் கீழே இறங்கியிருந்தோம். அவருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது, காற்றுதான் வந்தது.

"மாமா! மேல போனதும் கண்டுபிடிச்சிட்டீங்கள்ல? ரெஃப்ரீக்குத் தெரியாம அக்காகிட்ட எப்படிச் சொன்னீங்க?"

அண்ணன் கைக்குட்டையை எடுத்தார். ஆட்டம் முடிந்துவிட்டது, இனி அவர் பேசலாம். நான் ஒரு மணி நேரத்துக்குத் தயாரானேன்.

"நான் சொல்லல மாப்ள. ஓட்டை எங்கன்னு பாத்தேன். அதோட சரி. எலக்ட்ரீஷியனைக் கீழ இறக்கலாமா, ரெண்டு பக்கத்தையும் மாத்தலாமான்னு என்னென்னவோ ஓடிச்சு. உன் பேரு என் மனசுல வரவே இல்ல. கறையைப் பாத்தே ஆளை எடை போட்டுட்டேன். நீ கத்துறது எந்தச் சட்டையிலயும் படியலையே, எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருக்கணும். உங்க அக்காவுக்குத் தெரிஞ்சுது. எனக்குத் தோணல. தப்பு என்னோடதுதான்."

கேப்டன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. வேலிக்கு மேல் கையைப் போட்டு மாமாவின் கழுத்தை இழுத்து, நெற்றியோடு நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். இருவரும் அழுதார்கள். அதை மறைக்கவும் இல்லை. நானும் கொஞ்சம் அழுதேன், எனக்கு அதில் என்ன பங்கென்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது.

அக்கா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு இருவர் தோளிலும் ஒரு தட்டுத் தட்டினார்.

"போதும், வாங்க ரெண்டு பேரும் வீட்டுக்கு. பசிக்குது. நாலு நாளா நான் ஒரு வேளை ஒழுங்காச் சாப்பிடல, அதை ஒருத்தராவது பாத்தீங்களா?"